குழாய் அடைப்பு

“அறுபத்தெட்டு மணித்தியாலமா நீங்க என்னைய ஒரு வாளி தண்ணி தூக்க விடல. ஏங்க?”

சுதர்சினி வாசலை மறித்துக்கொண்டு கேட்டாள். திவாகரன் பைப் வேலைப் பெட்டியைக் கையில் எடுத்துவிட்டான். ஒன்பதரைக்குப் பல்லேகலவில் இருக்க வேண்டும்.

“சும்மாதான். குளிரு.”

“ஹந்தானையில எப்பதான் குளிரில்ல? திங்கக்கிழம பகல் பன்னண்டு மணிக்குப் பேராதனை ஆஸ்பத்திரியிலேருந்து வந்தீங்க. அப்பலேருந்து எண்ணிக்கிட்டு இருக்கேன்.”

“ரிப்போர்ட் இன்னும் குடுக்கலன்னு சொன்னேனே.”

“குடுக்காத ரிப்போர்ட்டுக்கா நேத்து தேங்காயெல்லாம் திருவிக் குடுத்தீங்க?”

அவளுடைய ஸ்கேன் ரிப்போர்ட் அவன் கைப் பெட்டிக்குள், ஸ்பேனர்களுக்கு அடியில் கிடந்தது.

அவள் மூளையில் ரத்தக்குழாய்கள் சிக்கிப் பின்னிக் கிடப்பதைக் கண்டுபிடித்தபோது அவன் கட்டாரில் இருந்தான். அவளுடைய அண்ணன்தான் அவளைச் சென்னைக்குக் கூட்டிப்போனார். கத்தி வைக்கவில்லை. கதிர்வீச்சு வைத்தார்கள். ‘பலன் தெரிய மூணு வருஷமாகும். அதுவரைக்கும் எப்பவும் வெடிக்கலாம். சரியானா பிள்ளையப் பத்தி யோசிப்போம்’ என்று போனில் சொன்னாள். சிக்கு எடுபட்டு ரத்தம் ஒழுங்காக ஓடத் தொடங்கும் என்று அவன் நினைத்துக்கொண்டான்.

திங்கட்கிழமை பஸ்ஸில் இருந்தபடியே ரிப்போர்ட்டின் கடைசி வரியைப் போனில் தமிழாக்கிப் பார்த்தான். நாலு தடவையும் அதே சொல்தான் வந்தது. பன்னிரண்டு வருடம் பைப் வேலை செய்தவனுக்கு அந்தச் சொல்லை யாரும் விளக்க வேண்டியதில்லை. அவனுடைய அப்பாவும் நெஞ்சில் அதே சொல்லோடுதான் போய்ச் சேர்ந்தார்.

“பெட்டியத் திறங்க.”

“நேரமாச்சு, சுதா.”

“பொய் சொன்னா உங்களுக்கு ஒரு காதுதான் சிவக்கும். இன்னைக்கு ரெண்டும் சிவந்திருக்கு.”

அவன் பெட்டியைக் கீழே வைத்தான். ஸ்பேனர்களை ஒதுக்கித் தாளை எடுத்து நீட்டினான். கிரீஸ் கறை பட்டிருந்தது.

“அடைப்பாம், சுதா. முழுசா அடைச்சுப் போச்சாம். நாளைக்கே டொக்டரப் பாப்போம். அடைப்பெடுக்க ஏதாவது வழியிருக்கும்.”

அவள் கடைசி வரியை விரல் வைத்து வாசித்தாள். திரும்பவும் வாசித்தாள். பிறகு கதிரையில் மெல்ல உட்கார்ந்தாள். கண்ணிலிருந்து நீர் இறங்கியது.

“அழாத சுதா.”

“உங்கக்கிட்ட ஒண்ணு கேக்குறேன். சுவத்துக்குள்ள வேண்டாத லைன் ஒண்ணு போகுது. எப்ப வெடிக்கும்னு தெரியாது. நீங்க என்ன செய்வீங்க?”

“இப்ப இதுவா முக்கியம்?”

“சொல்லுங்க.”

“மூடியப் போட்டு அடைச்சிடுவேன்.”

அவள் அழுதுகொண்டே சிரித்தாள்.

“அடைக்கத்தாங்க கதிர் வச்சாங்க. அது அடையணும்னுதான் நான் மூணு வருஷமாக் காத்துக்கிட்டு இருந்தேன்.”