மூன்றாவது ஓலை

“ஃபாதர், மூணாவது ஓலைய வாசிச்சிடாதீங்க. இந்தக் கல்யாணத்துக்குத் தடை இருக்கு.”

பூசைக்கு அரை மணி நேரம்தான் இருந்தது. அங்கியை மாட்டிக்கொண்டிருந்த ஃபாதர் ஏசுதாசன், ஒரு கை உள்ளேயும் ஒரு கை வெளியேயுமாக அப்படியே நின்றுவிட்டார்.

கல்யாணத்துக்கு முன் மூன்று ஞாயிறு கோயிலில் பெண், மாப்பிள்ளை பெயரை ஓலையாக வாசித்து, தடை தெரிந்தவர்கள் சொல்லலாம் என்று கேட்பது வழக்கம். அவருடைய பத்தொன்பது வருட அனுபவத்தில் ஒரு ஈ காக்கைகூட வந்து சொன்னதில்லை. இன்று முதன்முதலாக ஒருத்தி வந்திருக்கிறாள். வந்தவள் கல்யாணப் பெண்ணே.

“உட்காரு ஷாரன். விஷயம் ரோனால்டுக்குத் தெரியுமா?”

“தெரியாது ஃபாதர். ஒரு வருஷமா மறைச்சிட்டேன்.” கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டு விசும்பினாள்.

ஃபாதர் குரலைத் தாழ்த்திக்கொண்டார். “வேற யாராச்சும்...” என்று இழுத்தார்.

“அலாமாக், அதெல்லாம் இல்ல ஃபாதர்! பல்லு!”

“பல்லா?”

கைக்குட்டையை எடுத்து ஈ என்று காட்டினாள். முன்பல் இரண்டும் ஒன்றின் தோளில் ஒன்று சாய்ந்திருந்தன. அதற்குப் பக்கத்தில் ஒரு சிங்கப்பல் மாடி கட்டிக் குடியிருந்தது. ஃபாதர் சிரிப்பை விழுங்கிவிட்டுத் தொண்டையைக் கனைத்துக்கொண்டார்.

ஆறு வருடமாகப் பாடகர் குழுவில் பார்க்கிறார். அவருக்கே இது செய்தி. கூலிம் தொழிற்சாலையில் அவளுக்கு முகமூடி, கோயிலில் பாட்டுப் புத்தகம், மற்ற இடங்களில் உள்ளங்கை. நிச்சயதார்த்தப் படத்தில்கூட உதட்டைப் பூட்டிக்கொண்டுதான் நின்றிருந்தாள்.

“மூணு வருஷத்துக்கு முன்னாடி சுங்கை பட்டாணில ஒரு பல் டாக்டர்கிட்டப் போனேன். வாயில மாவு மாதிரி எதையோ வச்சு அச்செல்லாம் எடுத்தாங்க. நாலு பல்லப் பிடுங்கிட்டுத்தான் கம்பி போடணும்னு சொன்னாங்க. ஓடி வந்தவதான், திரும்பிப் போகவே இல்ல.”

“இப்போ?”

“நாளைக்கு அப்பாயின்மென்ட் வாங்கிட்டேன். ரெண்டு வருஷம் கம்பி. கழட்டுனதுக்கு அப்புறம் கல்யாணம் வச்சுக்கலாம். அவரு காத்திருந்தா சரி. இல்லாட்டி...” மூக்கை உறிஞ்சினாள்.

“பல்லு வலிக்குதா? சாப்பிட முடியலையா?”

“அதெல்லாம் நண்டு ஓட்டையே உடைக்கும் ஃபாதர்.”

“அப்புறம் எதுக்கும்மா பிடுங்கணும்?”

“அவரு பார்த்தா ஓடிருவாரு லா!”

ரோனால்டை ஃபாதருக்கு நன்றாகவே பிடிக்கும். குருண் பக்கம் தொழிற்சாலையில் சூப்பர்வைசர். அதற்கு முன் பிளாஸ்டர் அச்சு வார்க்கும் இடத்தில் வேலை பார்த்தானாம். வீட்டு உட்கூரைக்கு அலங்காரப் பூ வார்த்திருப்பான் என்று பெண் வீட்டில் நினைத்துக்கொண்டார்கள். அவ்வளவு தூரத்திலிருந்து இந்தப் பாடாங் மேஹாவுக்கு வந்து, கட்டினால் ஷாரனைத்தான் கட்டுவேன் என்று பெயர் சொல்லிக் கேட்டவன் அவன். அப்படிப்பட்டவன் பல்லைப் பார்த்தா ஓடப்போகிறான்? பூசைக்கு வந்து வெளியே நின்றவனைக் கூப்பிட ஃபாதர் சன்னலைத் திறந்தார்.

“ரோனால்ட்! கொஞ்சம் இங்க வா!”

“ஐயோ ஃபாதர், வேணாம்!”

அதற்குள் ரோனால்ட் வாசலில் வந்து நின்றான். புதுச் சட்டை, படிய வாரிய தலை. முகத்தில் மட்டும் மூன்று பூசைக்கான கவலை.

“நீ சொல்றியா, நான் சொல்லட்டுமா?” என்றார் ஃபாதர்.

ஷாரன் கண்ணை இறுக மூடிக்கொண்டாள். கைக்குட்டையை எடுத்தாள். முப்பத்திரண்டையும் காட்டினாள்.

“இதான் நானு. போறதா இருந்தா இப்பவே போயிருங்க.”

ரோனால்ட் சட்டென்று திரும்பினான். ஒரே ஓட்டமாக வெளியே ஓடினான்.

“பார்த்தீங்களா ஃபாதர்! நான்தான் சொன்னேன்ல!” ஷாரன் ஓவென்று அழுதே விட்டாள். கார் கதவு படாரென்று சாத்தும் சத்தம் கேட்டது. ஃபாதருக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை. ஓலை எழுதிய தாளை எடுத்து மெதுவாக மடிக்க ஆரம்பித்தார்.

மூச்சிரைக்க ரோனால்ட் திரும்பி வந்தான். கையில் ஒரு சின்ன அட்டைப்பெட்டி.

“கல்யாணத்தன்னிக்குத் தரலாம்னு வச்சிருந்தேன். நீ கூச்சப்படுவியேன்னுதான் இவ்ளோ நாள் வாயத் தொறக்கல.”

பஞ்சுக்குள் வெள்ளைவெளேர் என்று ஒரு பிளாஸ்டர் பல்வரிசை படுத்திருந்தது. முன்பல் இரண்டும் தோளில் தோள். பக்கத்தில் மாடி வீட்டுச் சிங்கப்பல். அடியில் பென்சிலால் அவள் பெயர், ஊர், மூன்று வருடத்துக்கு முந்திய ஒரு தேதி.

ஷாரன் அழுகையை நிறுத்திவிட்டு, நாக்கால் தன் பல்லை ஒருமுறை தடவிப் பார்த்துக்கொண்டாள். “இது... என் பல்லு!”

“நான் அச்சு வார்த்தது பல் டாக்டருங்களுக்குத்தான். திரும்பி வராத கேஸு, தூக்கிப் போடுன்னாங்க. எனக்கு மனசு வரல. அதைப் பார்த்தாலே சிரிப்பு சிரிப்பா வரும், அன்னிக்குப் பூரா சந்தோஷமா இருக்கும்.”

ஃபாதர் பெட்டியையும் பெண்ணையும் மாறி மாறிப் பார்த்தார். “அப்போ, பொண்ணு பார்க்க வரும்போதே உனக்கு இந்தப் பல்லு தெரியுமா?”

ரோனால்ட் வெட்கத்தோடு தலையைச் சொறிந்தான்.

“மூஞ்சியத்தான் ஃபாதர் அன்னிக்கு மொதமொதல்ல பார்த்தேன்.”