ஐந்தடி எட்டு

“தவ, தவ, தவ!” என்று ஆஸ்பத்திரி மிஸ்ஸி சிங்களத்தில் கத்தினாள். இன்னும் ஊது, இன்னும் ஊது.

மூக்கில் கிளிப், வாயில் குழாய். பேர்னாட் கண் பிதுங்க ஊதினார். ஆறு செக்கன் ஊதவேண்டும். நாலாவதிலேயே இருமல் வந்துவிட்டது.

இது மூன்றாம் முறை.

கதிரையில் கூனிக்கொண்டிருந்த மனைவி நேசத்துக்கும் மூச்சு வாங்கியது. காலையில் அந்தக் கூனைப் பார்த்துவிட்டு, நோயாளி அவள்தான் என்று மிஸ்ஸி நினைத்தவள்.

மெஷின் கணக்குச் சொன்னது. நூற்றுக்கு நாற்பத்தாறு.

ஐம்பதேனும் வேண்டும். குறைந்தால், நெஞ்சுக்குள் இருக்கிற கட்டியில் கத்தி வைக்கமாட்டேன் என்று டொக்டர் சொல்லிவிட்டார்.

“என்ன செய்ய ஐயா. ஐந்தடி எட்டு ஆளுக்கு இந்தக் காற்றுப் போதாது. கட்டை ஆள் எண்டால் சரி,” என்றாள் மிஸ்ஸி தமிழில்.

உயரத்துக்குத் தக்கபடிதான் மெஷின் காற்றை எதிர்பார்க்குமாம்.

பேர்னாட் நிலத்தைப் பார்த்தார்.

பொம்பிளை ஐந்தடி ஆறு என்று அந்தக் காலத்தில் கொட்டாஞ்சேனைக் கலியாணத் தரகர் சொன்னதும், இவர் வாயில் வந்த உயரம் அது. மனுசனைக் குறை சொல்லாதேங்கோ, பிள்ளையள். நாற்பத்தொரு வருஷமாய்ச் சொல்லிச் சொல்லி, இன்றைக்கும் வாய் தானாகச் சொல்லிவிட்டது.

நேசத்தை ஒருமுறை பார்த்தார். பிறகு குனிந்து சப்பாத்தைக் கழற்றினார். குதிக்கு வைத்திருந்த தக்கைத் துண்டுகள் இரண்டும் நிலத்தில் விழுந்தன.

“அளவுங்கோ மிஸ்ஸி.”

சுவரோடு நிறுத்தி அளந்தாள். ஐந்தடி நாலு.

மெஷினில் மாற்றிப் போட்டாள். ஊதின காற்று அதேதான். கணக்கு மட்டும் ஏறியது. ஐம்பத்திரண்டு.

நேசம் தக்கைகளைப் பொறுக்கிக் கைப்பைக்குள் போட்டாள். அவளுக்கு அது ஒரு புதினமாய் இருக்கவில்லை.

வெளி விறாந்தையில் பேர்னாட் மெல்லக் கேட்டார்.

“உமக்குத் தெரியுமா?”

“தாலி கட்டேக்கை கோயிலிலை பக்கத்திலை நிண்டனானல்லே. அண்டைக்கே தெரியும்.”

அவர் நின்றுவிட்டார். அவளுடைய வளைந்த முதுகை முதல்முறை பார்ப்பவர்போலப் பார்த்தார்.

“இனி நிமிர்ந்து நடவும், நேசம்.”

அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு ஒருதரம் முயன்று பார்த்தாள்.

“விடுங்கோப்பா,” என்றாள். “பஸ் போயிடும்.”