வயிறு வெடித்த கோப்பை

காலையில் வெட்டிய பலாக் கிளையிலிருந்து சவரியம்மா முதலில் ஒரு கோப்பையைக் குடைந்தாள். பிறகு மிச்சத்தில் ஒரு கரண்டியைச் செதுக்கினாள். அரை மணி நேரம் முந்திப் பிறந்ததால் கோப்பை அண்ணன் ஆகிவிட்டது.

"பச்சை மரம். வெயில் பட்டா வெடிச்சிடும்" என்று முனகியபடி, மெல்லக் காயட்டும் என்று இரண்டையும் மரச்சீவல் நிறைந்த சாக்குக்குள் வைத்தாள்.

கோப்பைக்குப் பொறுமை இல்லை. அவள் அந்தப் பக்கம் போனதும் உருண்டு வெளியே வந்து, உச்சி வெயிலில் மல்லாந்து படுத்துக்கொண்டது.

"அண்ணே, உள்ளே வந்துடு. வெடிச்சிடுவே!" என்று சாக்குக்குள்ளிருந்து கரண்டி கெஞ்சியது.

"நானா? போடா, பயந்தாங்கொள்ளி!" என்று கோப்பை வயிறு வெடிக்கச் சிரித்தது.

நிஜமாகவே வெடித்தது.

ஒரு மாதம் கழித்து இரண்டும் சமையலறைக்குப் போயின. சவரியம்மா கோப்பையில் மோரை ஊற்றினாள். மோர் முழுக்க அவள் மடியில் ஒழுகியது. தலையில் அடித்துக்கொண்டு, கழுவிய கீரையை அதில் போட்டு நீர் வடிய வைத்தாள்.

"என்ன அண்ணே, இப்படி ஆயிடுச்சே?" என்று கரண்டி கண் கலங்கியது.

கோப்பை நெஞ்சை நிமிர்த்தியது.

"என்னடா ஆச்சு? கோப்பையா இருந்தவனை வடிகட்டியா உயர்த்தியிருக்காங்க. நீ இன்னும் கரண்டிதானா?"