இருவருக்குக் கேட்ட ஒலி

காரில் ஒரு கீச்சொலி வருவதாக என் கணவன் எட்வின் சொன்னான். எனக்கு எதுவும் கேட்கவில்லை. தினமும் அவனோடு அலுவலகம் போகும் ஷர்மிளாவுக்குக் கேட்டிருக்கிறது. சனிக்கிழமை மூவரும் ஒர்க்‌ஷாப்புக்குப் புறப்பட்டோம். சத்தம் எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று சொல்வதற்காக அவள் முன்னால் ஏறிக்கொண்டாள். நான் பின் சீட்டுக்குப் போனேன்.

"இதோ, ஆரம்பிச்சிருச்சு" என்றாள்.

"ஏசி போட்டா கூடுது பாரு."

"அக்கா, உங்களுக்கு நிஜமாவே கேக்கலையா? காதுக்குள்ள கொசு பாடற மாதிரி இருக்கே."

"அவளுக்கு நான் கூப்பிட்டாலே கேக்காது" என்றான் எட்வின். இருவரும் சிரித்தார்கள்.

மெக்கானிக் பானெட்டைத் திறந்து, சுற்றிக்கொண்டிருந்த பெல்ட்டின் மேல் கொஞ்சம் தண்ணீர் தெளித்தார். "நின்னுருச்சு" என்று இருவரும் ஒரே நேரத்தில் சொன்னார்கள். எனக்கு முன்பும் பின்பும் அதே இன்ஜின் இரைச்சல்தான். அவர்கள் முகங்களில் ஒன்றுபோல வந்த நிம்மதியைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அவன் அவளைத் தொட்டிருந்தால் சண்டை போட்டிருக்கலாம். ஒரு சத்தத்தைச் சேர்ந்து கேட்டார்கள் என்று யாரிடம் போய்ச் சொல்வது?

புது பெல்ட் மாட்டித் திரும்பும்போது, "சுத்தமா போயிருச்சு" என்று அவளிடம் சொன்னான்.

"எனக்குக் கேக்குது" என்றேன்.

எட்வின் வண்டியை ஓரங்கட்டினான். "எங்க?"

"இப்பகூட. ரொம்ப மெலிசா."

ஷர்மிளா ஜன்னல் கண்ணாடியை இறக்கினாள். அவன் ஏசியை அணைத்தான். இருவரும் பேச்சை விட்டு, தலையைச் சாய்த்து, எனக்கு மட்டும் கேட்கும் அந்தச் சத்தத்துக்காகக் காத்திருந்தார்கள். நான் வசதியாகச் சாய்ந்து உட்கார்ந்துகொண்டேன்.