தப்பு எங்க மேலதான்

“மேடம், மெஷின்லேர்ந்து புகை வருது மேடம். பக்கத்துலயே கொழந்தை தூங்குது.”

குரலில் அப்படி ஒரு நடுக்கம். புகார்ப் பிரிவில் உட்கார்ந்திருந்த அவளுக்குச் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. போன வருட ஒத்திகையில் பாதியிலேயே கெக்கேபிக்கே என்று சிரித்துக் காரியத்தைக் கெடுத்த அக்கவுண்ட்ஸ் அண்ணனா இது? இந்தத் தடவை பின்னி எடுக்கிறாரே மனுஷன்!

குழந்தைகளுக்குப் பால் சூடாக்கும் மெஷின் செய்கிற கம்பெனி அது. வருடத்துக்கு ஒரு நாள், ஊழியர் ஒருவரே வாடிக்கையாளர் மாதிரி போன் போட்டு ‘மெஷின் எரியுது’ என்று அலறுவார். அதை யார் நன்றாகச் சமாளிக்கிறார்களோ அவருக்கு டீம் லீடர் பதவி. இந்த வருடம் அதற்கு இன்றைக்குத்தான் தேதி குறித்திருந்தார்கள். இரண்டு தடவை நூலிழையில் கைநழுவிப் போனதில் அவளுக்கு ஆற்றாமை. அதனால்தான் காலையில் பர்மிஷன் போட்டிருந்தவள், மதியம் உள்ளே நுழைந்ததும் வேறு எதையும் பார்க்காமல் ஹெட்போனை மாட்டிக்கொண்டாள்.

நிஜமான புகார் என்றால் ஒரே பாட்டுதான். உங்கள் புகாரைப் பதிவு செய்துகொண்டோம், நன்றி, வணக்கம். தப்பு நம்முடையது என்று மூச்சு விட்டால் சீட்டு கிழிந்துவிடும். ஒத்திகைக்கு மட்டும் சட்டம் வேறு: முதலில் ஆளைக் காப்பாற்று, அப்புறம் உள்ளதை ஊருக்குச் சொல்.

“சார், மெஷினைத் தொடாதீங்க. மெயின் ஸ்விட்சை அணைச்சுட்டுக் கொழந்தையைத் தூக்கிட்டு வெளியே ஓடுங்க. தப்பு எங்க மேலதான்.”

பின்னால் ஒரு பெண் அலறினாள், கதவு படாரென்று அடித்தது. அடேயப்பா, பக்கவாத்தியம் எல்லாம் வைத்திருக்கிறார்களே என்று வியந்துகொண்டாள். குழந்தை வெளியே வந்துவிட்டது என்று அவர் தேம்பித் தேம்பிச் சொல்லும்வரை லைனை விடவில்லை.

கையோடு கம்பெனியின் இணையப் பக்கத்தில் நாலு வரி போட்டாள். எங்கள் மெஷினில் கோளாறு, யாரும் பயன்படுத்தாதீர்கள், பணத்தைத் திருப்பித் தருகிறோம், மன்னியுங்கள். விற்பனையை நிறுத்தச் சொல்லி எல்லாக் கடைகளுக்கும் ஒரு செய்தி வேறு. ஒத்திகை நாளில் என்ன போட்டாலும் பொம்மைப் பக்கத்துக்குத்தான் போகும், வெளியே ஈ காக்கைக்குத் தெரியாது. அந்தத் தைரியம்.

சற்று நேரத்தில் ஹாலில் இருந்த அத்தனை போன்களும் ஒன்றாக அலற ஆரம்பித்தன. மேனேஜர் பேயறைந்த முகத்தோடு அவள் மேஜைக்கு ஓடிவந்தார்.

அவள் வாயெல்லாம் பல்லாக எழுந்து நின்றாள். டீம் லீடர் பதவி இந்தத் தடவை தனக்குத்தானே என்று கேட்டாள். அக்கவுண்ட்ஸ் அண்ணன் நடிப்புக்கும் ஏதாவது பார்த்துச் செய்யுங்கள் என்று சிபாரிசும் செய்தாள்.

மேனேஜர் கிடைத்த நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தார்.

“ஒத்திகையை அடுத்த வாரத்துக்குத் தள்ளி வச்சாச்சும்மா.”