கேட்டுக்கடியில் ஒரு சந்து

நாய் ரோசி காணாமல் போனதிலிருந்து, தொலைந்ததைத் தேடித் தரும் அந்தோணியாருக்குப் பிரிசில்லா தினமும் மெழுகுவத்தி ஏற்றினாள்.

"உப்பளம் பூரா தேடிட்டேன். இனிமே வராது. அதோட குட்டியயாவது காப்பாத்துவோம்," என்ற அவள் கணவன் ஆண்ட்ரூஸ், ரோசி நுழைந்து ஓடிய, கேட்டுக்கடியில் இருந்த சந்தைக் கம்பிவலையால் இறுக்கி அடைத்தான்.

அன்று ராத்திரி முழுக்கக் குட்டி அந்த வலையைப் பிறாண்டி அழுதது.

"அம்மாவ தேடுது. விடு, பழகிடும்," என்றான் ஆண்ட்ரூஸ்.

காலையில் பால் வாங்கக் கேட்டைத் திறந்த பிரிசில்லா அப்படியே நின்றுவிட்டாள். வலையின் வெளிப்பக்கம் ரோசியின் பழுப்பு மயிர் சிக்கியிருந்தது. சிமெண்ட் தரையில் உப்புப் பூத்த கால்தடங்கள் மதிலைச் சுற்றிச் சுற்றி வந்து, திரும்ப உப்பளத்துப் பக்கமே போயிருந்தன.

"அந்தோணியார் வாசல் வரைக்கும் கொண்டாந்து விட்டுட்டாருங்க," என்றாள். "நாமதான் அடைச்சிட்டோம்."