மூன்றாவது மோட்டார்

"இந்தத் தடவையும் அந்த டிரைவர் வேணாம்னு சொல்லிட்டா, நம்ம மோட்டார் கதை முடிஞ்சுதுப்பா" என்றார் புதிதாக வந்திருந்த தலைமைப் பொறியாளர்.

ரயில் இன்ஜினுக்கான டி.சி. மோட்டாரை வடிவமைத்த இளைஞன் தலையாட்டினான். அவனுடைய முதல் இரண்டு மோட்டார்களையும் சோதனை ஓட்டத்திலேயே டிரைவர் திருப்பி அனுப்பிவிட்டார். மேட்டில் பாரம் இழுக்கும்போது, சுழலும் பாகத்துக்கு மின்சாரம் கொடுக்கும் கார்பன் பிரஷ்ஷில் தீப்பொறி பறக்கிறது என்பதுதான் புகார்.

"தனியா போய் ஒரு வார்த்தை பேசிப் பாரேன்."

"ஐயோ சார், சிபாரிசு வாடை அடிச்சாலே காரியம் கெட்டுடும். புகாரும் நியாயம்தான். துணைக் காந்தங்களைப் புதுசா வடிவமைச்சிருக்கேன். இனிமே பொறி பறக்காது."

"ஆளு ரொம்ப முசுடோ?"

"வேலையில மட்டும்தான் சார்."

சரக்குப் பெட்டிகளோடு மேடேறிப் போன இன்ஜின் யார்டுக்குத் திரும்பி வந்து நின்றது. டிரைவர் இறங்கி, மோட்டார் மூடியைத் திறந்து டார்ச் அடித்துப் பார்த்தார். பிறகு கையைத் துடைத்துக்கொண்டு இவர்களிடம் வந்தார்.

"பொறியே இல்ல சார். அலுங்காம ஏறுது. ஓகே பண்ணிட்டேன்."

தலைமைப் பொறியாளருக்குப் போன உயிர் திரும்பி வந்தது. "ரொம்ப நன்றிம்மா!"

அந்த அம்மாள் இளைஞன் பக்கம் திரும்பிக் குரலைத் தாழ்த்தினார்.

"முதல்ல வீட்டுக்கு போன் போட்டுச் சொல்லுங்க மாப்பிள்ளை. போன மோட்டாரைத் திருப்பி அனுப்பினதுல இருந்து என் பொண்ணு என்கூடப் பேசறதே இல்ல!"